முழிச்சிருப்போர் சங்கம்

என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. தூக்கம் ஒரு குழந்தைக்குள் எந்த வழியாக நுழைகிறது? கண் வழியாக என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மடியில் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. முதலில் கால் கட்டைவிரல் ஓயும். எதையோ பிடிக்கப் போவதுபோல் விரிந்து மடங்கிக்கொண்டிருந்த விரல் சட்டென்று நின்றுவிடும். பிறகு என் சட்டைப் பொத்தானைப் பற்றியிருக்கும் கை தளரும். கண் கடைசியில்தான் மூடும், அதுவும் முழுதாக மூடாது, அடியில் ஒரு கீற்று வெள்ளை தெரியும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சேலைத் தொட்டிலில் மெல்ல இறக்குவேன். முதுகு துணியில் பட்டதுதான் தாமதம், வீடே அதிர அழுவாள்.

பகல் முழுவதும் அவள் என் பொறுப்பு. மனைவிக்குத் தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை. பேறுகால விடுப்பு முடிந்ததும் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. எனக்கு வீட்டிலிருந்தே பிழைப்பு. கட்டப்போகிற வீடுகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பேன். ஆனையூரிலும் அதைத் தாண்டியும் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த காலம், வேலைக்குப் பஞ்சமில்லை. எங்கள் இரு வீட்டுப் பெரியவர்களும் உசிலம்பட்டிப் பக்கம் தோட்டமும் மாடுமாகக் கிடந்தார்கள். வந்தால் இரண்டு நாள் இருந்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் இல்லை என்று கிளம்பிவிடுவார்கள். எனவே மனைவி பீய்ச்சி வைத்துவிட்டுப் போன பாலைப் பாலாடையில் புகட்டுவதும், குளிப்பாட்டுவதும், தூங்க வைப்பதும் நான்தான். தூங்க வைப்பதைத் தவிர மற்ற எல்லாம் சீக்கிரம் கைவந்துவிட்டது.

மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அறிய எனக்குப் பெரிய ஆவல். அதற்கு வாய்த்த இடம் தடுப்பூசி போடும் சுகாதார நிலையம். புதன்கிழமைகளில் அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாகத் தாய்மார்கள் இருப்பார்கள். நடுவில் ஒரு ஆண் தனியாகக் குழந்தையோடு உட்கார்ந்திருந்தால் எல்லாருக்கும் வேடிக்கை. பக்கத்தில் இருந்த அம்மாள் நேரடியாகவே கேட்டார்.

“பிள்ளையோட அம்மா எங்க தம்பி?”

“வேலைக்குப் போயிருக்குக்கா.”

“அப்ப நீங்கதான் பாக்குறீங்களா? ராத்திரி தூங்க விடுதா?”

“எங்கக்கா…”

அவர் சத்தமாகச் சிரித்தார். வங்கியில் வேலை பார்த்தவர், நீண்ட விடுப்பில் இருந்தார். மடியில் ஒன்று, அவர் கணவர் தோளில் ஒன்று, இரட்டைப் பெண் குழந்தைகள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவர்களாம். “ஒண்ணு தூங்கி முடிக்கையில இன்னொண்ணு முழிக்கும் தம்பி. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுச் செய்யிறாளுக” என்றார்.

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு எதிர் வரிசையில் ஒரு இளம்பெண் இருந்தாள். அவள் மடியில் கொழுகொழு என்று ஒரு பையன், அத்தனை அழுகைக்கும் நடுவில் வாய் லேசாகத் திறந்தபடி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஊசி போட்டவுடன் கத்தினான், மார்பில் போட்டுக்கொண்டதும் மறுபடி தூங்கிவிட்டான். இரட்டையரின் அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“இவன் எப்பவும் இப்படித்தானா தங்கச்சி?” என்று கேட்டேன்.

“ஆமாண்ணே. படுக்கப் போட்டாத் தூங்கிருவான். இவனால எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல.”

அன்றைக்கே எங்கள் மூன்று குடும்பத்துக்கும் ஒரு வாட்ஸப் குழு உண்டாயிற்று. “முழிச்சிருப்போர் சங்கம்” என்று பெயர் வைத்தவர் இரட்டையரின் அம்மா. தூங்குகிற பையனின் அம்மாவையும் சேர்த்தோம். அவளிடம் ரகசியம் ஏதாவது இருந்தால் கறந்துவிடலாம் என்பது எங்கள் எண்ணம்.

அந்தக் குழுவில் நாங்கள் பேசாத சங்கதி இல்லை. குளித்த பிறகு பால் கொடுப்பதா, பால் கொடுத்துவிட்டுக் குளிப்பாட்டுவதா? சாம்பிராணிப் புகை காட்டலாமா, மூச்சுக்கு ஆகாதா? சுகாதார நிலையத்து நர்ஸ் புகை வேண்டாம் என்று சொன்னதும் அதை எல்லாரும் விட்டோம். குழந்தை தூக்கத்தில் சிரிப்பது ஏன் என்று ஒருநாள் கேட்டு வைத்தேன். எங்கள் ஊர்ப்பக்கம், நரி வந்து பூக்காட்டுகிறது, அதனால் சிரிக்கிறது, பிறகு பூவைப் பிடுங்கிக்கொள்கிறது, அதனால் உதட்டைப் பிதுக்குகிறது என்பார்கள். இரட்டையரின் அம்மா வீட்டில் அது நரியில்லை, சாமி. பையனின் அம்மாவோ, “எங்க வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்கண்ணே, சிரிச்சா நாங்களும் சிரிப்போம்” என்று எழுதினாள். ஆட்டோ ஓட்டும் கணவர், அவள், பையன் என்று மூன்றே பேர் இருந்த வீடு அது.

என் மகள் விஷயத்தில் எனக்கு ஒரு கண்டுபிடிப்பு வாய்த்தது. அவளை மடியில் வைத்துக்கொண்டு, போடுகிற வரைபடத்தை வாய்விட்டு விளக்கினால் அவளுக்குக் கண் சொக்கும். “இது வடகிழக்கு மூலை, பூசையறை. இங்கிட்டு மாடிப்படி. படிக்குக் கீழ மோட்டாரு.” மோட்டார் வருவதற்குள் கட்டைவிரல் ஓய்ந்துவிடும். இதைக் குழுவில் எழுதியதும் இரட்டையரின் அப்பா தன் பங்குக்கு வங்கிச் சுற்றறிக்கை ஒன்றை வாசித்துப் பார்த்திருக்கிறார். குழந்தைகள் விழித்துக்கொண்டே இருக்க, அவர்தான் தூங்கினாராம்.

ஆனாலும் அந்தப் பையனின் தூக்கம் எனக்குள் கிடந்து குடைந்தது. ஒருநாள் மகளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனேன். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாவு மில்லை ஒட்டின வீடு. ஒரே சுவர்தான். மில் ஓடும்போது சுவரில் தொங்கிய காலண்டர் நடுங்கியது. அடுக்களையில் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. பேசுவதற்கே நாங்கள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. பையன் அந்தச் சுவரோரமாகத் தரையில் விரித்த பாயில் கையைக் காலைப் பரத்திப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பளிச்சென்று பட்டது. “தங்கச்சி, உன் ரகசியத்தக் கண்டுபிடிச்சிட்டேன். இந்த மில்லுச் சத்தந்தான்! ஒரே மாதிரி ஓடிக்கிட்டே இருக்குல்ல, அதுல தூங்கிப் பழகிட்டான்.”

“அப்படியாண்ணே?” என்று அவள் அதிசயமாகச் சுவரைப் பார்த்தாள்.

அந்தச் சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்து எடுத்துக்கொண்டு வந்தேன். மத்தியானம் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். நம்ப மாட்டீர்கள், வேலை செய்தது. தொட்டிலில் இறக்கியும் தூங்கினாள். குழுவுக்கும் அனுப்பினேன். இரட்டையரில் ஒருத்தி அதற்கு மயங்கினாள், இன்னொருத்தி முன்னிலும் மோசமாக அலறினாள். ஆனால் பதிவு முடிந்து சத்தம் நின்ற கணத்தில் என் மகள் கண்ணைத் திறந்துவிடுவாள். சத்தம் வந்து எழுவது சரி, சத்தம் நின்றால் ஏன் எழவேண்டும்? தூக்கத்திலும் காது காவல் இருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்த பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. மில் நின்றால் அந்தப் பையன் என்ன செய்வான்?

மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரத்தை நிறுத்திய ஒரு நாளில் இதைக் கேட்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. கரண்டு போன உடனேயே பையனின் அம்மாவைக் கைபேசியில் கூப்பிட்டேன்.

“தம்பி தூங்குறானா தங்கச்சி?”

“ஆமாண்ணே.”

“மில்லு நின்னதும் முழிக்கலையா?”

“இல்லையே. அவன் பாட்டுக்குத் தூங்குறான்.”

எனக்கு அது பிடிபடவில்லை. சத்தத்தில் பழகியவன் என்றால் அமைதி அவனை உலுக்கியிருக்க வேண்டும். அதைவிட்டால் வேறு என்ன என்று யோசித்தேன். அந்த யோசனை போன திசை எனக்குப் பிடிக்கவில்லை. வேலையைப் பார்ப்போம் என்று கணினி முன்னால் போய் உட்கார்ந்தேன், கரண்டு இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

அதற்கடுத்த வாரம் நாங்கள் எல்லாரும் அவள் வீட்டில் கூடினோம். குழந்தைகளுக்குக் கூழ் கொடுக்கத் தொடங்கும் பருவம், ராகியைக் கழுவிக் காயவைத்துப் பக்கத்து மில்லிலேயே அரைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. மில்காரர் சாப்பிடப் போயிருந்ததால் வீடு அமைதியாக இருந்தது. குழந்தைகள் நாலு பேரும் பாயில். பையன் வழக்கம்போலத் தூக்கம், இரட்டையர் அப்போதுதான் கண் அசந்திருந்தார்கள், என் மகள் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரட்டையரின் அம்மா அலமாரி மேலிருந்து தாம்பாளத்தை எடுக்கப் போனார். அது அவர் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. விழுந்ததோடு நிற்காமல் சுழன்று சுழன்று அதிர்ந்து அடங்கியது.

இரட்டையர் இருவரும் கையை விரித்துத் துள்ளி எழுந்து அழுதார்கள். என் மகளின் உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. பையன் மட்டும் அசையவில்லை. அவன் வயிறு சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அழுத குழந்தைகளை அவரவர் தூக்கித் தட்டினோம். இரட்டையரின் அம்மா என்னைப் பார்த்தார். நான் தாம்பாளத்தைக் குனிந்து எடுத்து, எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். பையனின் அம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இவன் இப்படித்தான்க்கா. எதுக்கும் எந்திரிக்க மாட்டான்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது சிரிப்பு இல்லை.

அன்று மாலை மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

“இத அந்தப் பிள்ளைகிட்ட சொன்னீங்களா?”

“எப்படிச் சொல்றது? நான் என்ன டாக்டரா? ஒண்ணும் இல்லாமப் போச்சுண்டா?”

“ஒண்ணும் இல்லைண்டா நல்லதுதான. இருந்தா? இருங்க, நாளைக்கு வெள்ளன நானே போய்ப் பேசுறேன்.”

மனைவி போகவேண்டி வரவில்லை. காலையில் எனக்குத்தான் போன் வந்தது.

“அண்ணே, ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காதீங்க. நீங்க பின்னாடி நின்னு கூப்பிட்டா உங்க பாப்பா திரும்புமா?”

“திரும்பும் தங்கச்சி.”

“எம்புட்டு நாளாத் திரும்புது?”

“கொஞ்ச நாளாவே…”

“நான் கதவத் தொறந்தா இவன் திரும்புவான்ணே. வெளிச்சம் வருதுல்ல, அதுக்குத்தான் போல. நேத்து நீங்கள்லாம் போனதுக்கப்புறம் வெளிச்சம் மாறாம, பின்னாடியே நின்னு கூப்பிட்டுப் பாத்தேன். தொண்ட வலிக்கிற மட்டும் கூப்பிட்டேன். அவரு நம்ப மாட்டேங்கிறாரு. நீங்க வாங்களேன்.”

மனைவி அரை நாள் விடுப்புச் சொன்னாள். மூவரும் போனோம். வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. பையனின் அப்பா ஓட்டுநர் இருக்கையில் இருந்தார். ஆட்டோவுக்கு முன்னால் சற்றுத் தள்ளி அவள், தோளில் பையன், அவனுக்கு ஆட்டோ தெரியாதபடி முகம் தெருப் பக்கம். மின்கம்பியில் ஒரு காக்கை இருந்தது. அவன் அதைப் பார்த்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தான். அவர் ஹாரனை அழுத்தினார். காக்கை பறந்துவிட்டது. அது போன திசையில் பையன் தலையைத் திருப்பினான், ஹாரன் பக்கம் திரும்பவில்லை. அவர் மறுபடியும் அழுத்தினார். விடாமல் அழுத்தினார். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து, “என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா?” என்றார்கள். அவர் கையை எடுத்துவிட்டு, ஹாரன் பொத்தானையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் மனைவிதான் அவரிடம் போய்ப் பேசினாள். “அண்ணே, இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம். சின்னப் பிள்ளையில பாத்தா எல்லாத்துக்கும் வழி இருக்கு” என்றாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் யாராவது உறுதியாக ஒன்றைச் சொல்லவேண்டியிருந்தது.

பையன் பிறந்தபோது மஞ்சள் காமாலை மிகுந்து, கண்ணாடிப் பெட்டியில் விளக்கின் கீழ் வைத்திருந்தார்களாம். காதுச் சோதனைக்கு இன்னொரு நாள் வரச் சொன்னதும், வீடு மாறிய அலைச்சலில் அது விட்டுப்போனதும் ஆஸ்பத்திரியில் பேசும்போதுதான் தெரிந்தது. அங்கே பரிசோதனை செய்யும் பெண் எங்களிடம் நிதானமாக விளக்கினாள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்ன ஒட்டுக்களை ஒட்டி, காதில் சத்தம் கொடுப்பார்கள். அந்தச் சத்தம் மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்பது கணினித் திரையில் அலையலையாகத் தெரியும். ஆனால் ஒரு நிபந்தனை.

“பிள்ளை நல்லா அசந்து தூங்கணும். அசைஞ்சா எடுக்க முடியாது.”

பையனின் அம்மா இதைக் கேட்டு நிம்மதியானாள். “தூங்குறதுதான் இவன் வேலையே” என்றாள்.

அன்றைக்குப் பார்த்து அவன் தூங்கவில்லை. அந்த அறையின் ஏசி, புது முகங்கள், நெற்றியில் தேய்த்த பசையின் மணம், எதுவோ அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பால் கொடுத்தாள், குடித்துவிட்டு விழித்தான். தோளில் போட்டு நடந்தாள், தோளுக்கு மேலாக எங்களைப் பார்த்துச் சிரித்தான். காத்திருந்த மற்றப் பிள்ளைகள் எல்லாம் உள்ளே போய் வந்துவிட்டார்கள். கடைசியில், “மருந்து கொடுத்தும் தூங்க வைக்கலாம். ஆனா தானாத் தூங்கினா நல்லது. இன்னொரு நாள் வாங்க. காலையில தூங்க விடாம, வயிறு நெறைக்காமக் கூட்டிக்கிட்டு வாங்க” என்று அந்தப் பெண் அனுப்பிவைத்தாள்.

முழிச்சிருப்போர் சங்கத்துக்கு முதல்முறையாக ஒரு குழந்தையை விழிக்க வைக்கும் வேலை வந்தது. வேளைக்குப் பாலும் வேளைக்குக் குளியலும் என்று நாங்கள் பாடுபட்டுக் கற்ற எல்லாவற்றையும் தலைகீழாகப் போட்டோம். இரட்டையரின் அம்மா முறை வகுத்துக் கொடுத்தார். அதிகாலையிலேயே எழுப்பி, சுடுதண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பாக மேலைத் துடைத்துவிட்டு, வேடிக்கை காட்டிக்கொண்டே வரவேண்டும். வழியில் அவனைச் சிரிக்கவைப்பது என் வேலை. என் மகளையும் தூக்கிக்கொண்டு நான் ஆட்டோவில் ஏறினேன்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பையனுக்குக் கண் செருகியது. நான் நாக்கைத் துருத்தினேன், காதைப் பிடித்து ஆட்டினேன். என் மகள் அவன் மூக்கைப் பிடித்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. அவன் அப்பா வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். உடனே பையன் விழித்தான். மறுபடி கிளப்பினார், கண் செருகியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எஞ்சின் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை, உடம்பில் படுகிற அதிர்வு தெரிகிறது. மில் சுவரோரம் தரையில் படுத்திருந்தவனுக்குத் தூக்கத்தைக் கொடுத்ததும் அதுவாகத்தான் இருக்கவேண்டும். கரண்டு போன நாளில் ஏற்கெனவே அயர்ந்துவிட்டதால் விழிக்கவில்லை போலும். நான் முதலில் சொன்னது பாதி சரி, பாதி தப்பு.

சொன்னேன். “அண்ணே, சத்தம் இல்ல, அந்த நடுக்கந்தான் இவனத் தூங்க வைக்குது.”

அவர் திரும்பிப் பார்க்காமல், “அப்ப இறங்கி நடக்கச் சொல்லுங்க” என்றார்.

தல்லாகுளத்தில் பையனின் அம்மாவை இறக்கிவிட்டோம். பையனைத் தோளில் வைத்துக்கொண்டு, பஸ்ஸைக் காட்டி, பூக்கடையைக் காட்டி, டூவீலர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கி அவள் நடந்தாள். பின்னால் நானும் மகளும். ஆட்டோ எங்களோடு ஊர்ந்து வந்தது. ஏறாமல் ஏன் நடக்கிறார்கள் என்று பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். மீதித் தூரத்தை இப்படி நடையும் ஆட்டோவுமாகக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பையன் விழித்திருந்தான், எரிச்சலின் உச்சத்தில் இருந்தான்.

உள்ளே அவனுக்கு ஒட்டுக்களை ஒட்டினார்கள். பால் கொடுத்தும் அவன் முறுக்கிக்கொண்டு அழுதான். மருந்து கொடுத்துவிடலாமா என்று அந்தப் பெண் யோசித்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையனின் அம்மா அவனை நிமிர்த்தி, அவன் கன்னத்தைத் தன் கழுத்துக் குழியில் சேர்த்து வைத்தாள். உதட்டை மூடிக்கொண்டாள். அவள் தொண்டை மட்டும் லேசாக அசைந்தது. பிறகு அவளிடம் கேட்டேன், பாட்டு எதுவும் இல்லையாம். ம்ம்ம் என்று அடிக்குரலில் ஒரே இழுப்பு. “நீங்க நடுக்கம்னு சொன்னீங்கல்லண்ணே, மில்லு மாதிரி செஞ்சு பாத்தேன்” என்றாள். பையன் அழுகையை நிறுத்தினான். அவன் கால் விரல்கள் மெல்ல ஓய்ந்தன. நான் கைகாட்டினேன், அந்தப் பெண் விளக்கைக் குறைத்தாள்.

என் மகளின் வாயை என் தோளில் அமுக்கிக்கொண்டு நான் திரையைப் பார்த்தேன். கோடுகள் வந்தன. மேடு எது பள்ளம் எது என்று எனக்குப் புரியவில்லை. ஒரு சத்தம் ஒரு தலைக்குள் போய்ச் சேர்வதைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அவன் அப்பா என் பக்கத்தில் நின்று, “எதுண்ணே கேக்குறதுக்கான கோடு?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

இரண்டு காதிலும் கேட்கும் திறன் வெகுவாகக் குறைவு என்று சொன்னார்கள். பக்கத்தில் போடுகிற பெருஞ்சத்தம் மட்டும் மங்கலாகத் தெரியலாம். காதுக்கருவி பொருத்தி, பேச்சுப் பயிற்சியும் கொடுத்தால் நல்ல முன்னேற்றம் இருக்கும், இந்த வயதிலேயே வந்தது நல்லது, பிறகு தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம் என்றார்கள். கருவிக்கு அரசாங்க ஏற்பாடு உண்டு என்றும் சொன்னார்கள். பையனின் அம்மா அங்கே அழவில்லை. ஆட்டோவில் ஏறி, எஞ்சின் ஓடத் தொடங்கி, பையன் சுகமாகத் தூங்கிய பிறகு அழுதாள். அவர் வண்டியை எங்கேயும் நிறுத்தாமல், ஆனால் மிக மெதுவாக ஓட்டினார்.

கருவி பொருத்திய நாளில் எங்களையும் அழைத்திருந்தாள். நாங்கள் எல்லாரும் அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்துக் கைபேசியைத் தயாராக வைத்திருந்தோம். கருவியை முடுக்கியதும் அவன் சப்பிக்கொண்டிருந்த விரலை வாயிலிருந்து எடுத்தான். அவள் அவன் பெயரைச் சொன்னாள். அவன் முகம் கோணி, ஓவென்று அழுதான். அழுத வேகத்தில் சட்டென்று நிறுத்தினான். கண்ணை அகலத் திறந்து இப்படியும் அப்படியும் பார்த்தான். கொஞ்சம் அழுது பார்த்தான். மறுபடி நிறுத்தினான். தன் அழுகையைத்தான் அவன் கேட்கிறான் என்பது எங்களுக்கு அப்புறம்தான் விளங்கியது. பிறந்ததிலிருந்து அழுகிறான், அழுகைக்கு ஒரு சத்தம் உண்டு என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்திருக்கிறது. கேட்பதற்காகவே அழுது அழுது நிறுத்திக்கொண்டிருந்தான். இரட்டையரின் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அழட்டும், அழட்டும், யாரும் தூக்காதீங்க” என்றார்.

அதன் பிறகு அவர்கள் வீட்டு நடைமுறைகள் புதிதாகத் தொடங்கின. குளித்துத் தலை துவட்டிய பிறகு கருவியை மாட்ட வேண்டும், தூங்கும்போது கழற்ற வேண்டும். அவன் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வான். இரட்டையரின் அம்மா மெல்லிய பருத்தியில் நாடா வைத்த தொப்பி ஒன்று தைத்துக் கொடுத்தார், காதைப் பொத்தும், சத்தத்தை மறைக்காது. என் மனைவி மாலையில் வேலை முடிந்து வரும் வழியில் அங்கே இறங்கி, பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுபோல் எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிச் சொல்லிப் பேசிவிட்டு வருவாள். இதோ கரண்டி, இதோ விளக்கு. குழுவில் செய்திகள் குறையவில்லை. இப்போது பையனின் அம்மாவும் புலம்பினாள். பகலில் கேட்பதற்கு இம்புட்டு இருக்கும்போது தூங்குவதற்கு அவனுக்கு மனமே வருவதில்லையாம். “சங்கத்துல சேந்துட்டேன்க்கா” என்று எழுதியிருந்தாள்.

கொஞ்ச காலம் முன்பு ஒரு மத்தியானம் மகளோடு அங்கே போயிருந்தேன். இருவரும் நடை பழகிவிட்டார்கள். பாத்திரங்களை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தபோது பையன் நடுவில் நின்றுவிட்டான். தொப்பி நாடாவைத் தானே இழுத்தான். ஒரு காதிலிருந்து கருவியைக் கழற்றினான், பிறகு மறுகாதிலிருந்து. இரண்டையும் கொண்டுபோய் அம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அவள் மடியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டான்.

“இப்பல்லாம் தூக்கம் வந்தா இப்படித்தான்ணே. உங்க பாப்பா கண்ணக் கசக்குதுல்ல, அது மாதிரி” என்றாள்.

அவன் எதைக் கழற்றிவைத்தான், எங்கே போனான் என்று யோசித்தேன். எங்களுக்கு அப்படி ஒரு கதவு கிடையாது. அவனிடமே கேட்க வேண்டும், பேச வரட்டும்.

அணைக்காத கருவிகள் அவள் உள்ளங்கையில் மெல்லிசாக விசில் அடித்துக்கொண்டிருந்தன. என் மகள் தட்டுத்தடுமாறி நடந்து போய், குனிந்து, தன் காதை அந்தக் கையில் வைத்துக் கேட்டாள்.